தனிமைப்படுத்தல் ஓய்வு ஆகாது: கொரோனா வார்டுகளில் நாம் செய்த தவறுகள்

2020 மார்ச் 22 மாலை 5 மணிக்கு நாடே தட்டைத் தட்டி மருத்துவப் பணியாளர்களுக்கு நன்றி சொன்னது. அடுத்த மாதமே சென்னையில், கொரோனாவால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவரை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்தது. சக மருத்துவர் ஒருவர் வார்டு ஊழியர் இருவருடன் சேர்ந்து இரவோடு இரவாகத் தம் கையாலேயே மண்ணைத் தள்ளி அவரை அடக்கம் செய்தார். இதையெல்லாம் பார்த்துக்கொண்டே டூட்டிக்கு வந்தவர்களிடம், "மனதைத் திடமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்றோம்.

அந்த அறிவுரையிலேயே தவறு தொடங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பணிச்சோர்வை நோய்களோடு சேர்க்கவில்லை. வேலையிடத்து அழுத்தம் நெடுநாள் தணிக்கப்படாமல் போவதால் வருவது என்றே விளக்கியது. உடலும் மனமும் வற்றிப்போவது, வேலைமீது கசப்பு, 'நான் செய்வதால் என்ன பயன்' என்ற எண்ணம் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். எனவே முதலில் திருத்த வேண்டியது டூட்டி பட்டியலை. அதைத் தொடாமல் யோகா வகுப்பு வைத்தால், அந்த வகுப்பும் இன்னொரு டூட்டியாகிவிடும்.

கவச உடையை ஒருமுறை கழற்றினால் வேறு உடை கிடைக்குமோ என்ற அச்சத்தில், தண்ணீர் குடிக்காமல் ஆறு மணி நேரம் நின்றவர்கள் உண்டு. மாதவிடாய் நாட்களில் செவிலியர்கள் பட்ட பாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வார்டில் தொடர்ந்து சில நாட்கள், பிறகு விடுதி அறையில் தனிமை என்பதே அப்போது பல இடங்களில் நடைமுறையாக இருந்தது. அந்தத் தனிமை நாட்களை ஓய்வுக் கணக்கில் எழுதினார்கள். பரிசோதனை முடிவுக்குக் காத்துக்கொண்டு, அழும் குழந்தையைக் கைபேசித் திரையில் பார்த்துக்கொண்டு கிடப்பது எப்படி ஓய்வாகும்? வீட்டாரோடு உண்டு உறங்கும் விடுப்பைத் தனியாகத் தர வேண்டும். எனக்கு இதில் சமரசமே கிடையாது.

எரிந்து விழும் செவிலியரைத் திமிர் பிடித்தவர் என்று முடிவு கட்டுவதும் தவறுதான். நேற்றுவரை பொறுமையாகப் பேசியவர் இன்று அப்படிப் பேசினால், அவர் எத்தனை இரவு தொடர்ந்து விழித்திருந்தார் என்று பாருங்கள்.

2021 மே மாதம் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் நோயாளிகளுடன் வரிசைகட்டி நின்றன. படுக்கை ஒன்று, காத்திருப்போர் பலர் என்ற நிலையில் யாரை உள்ளே எடுப்பது என்று முடிவு செய்தவருக்கு, தம்மீது பிழையில்லை என்று தெரிந்தாலும் குற்ற உணர்வு விலகுவதில்லை. அவரை உடனே கூட்டத்தில் உட்காரவைத்து நடந்ததை விவரிக்கச் சொல்லாதீர்கள். வற்புறுத்திப் பேசவைப்பது பயன் தருவதில்லை. சிலருக்குக் காயத்தைக் கிளறிவிடும். சாப்பிட்டாரா, வீட்டுக்கு எப்படிப் போவார் என்று கேளுங்கள். பேச வந்தால் குறுக்கிடாமல் கேளுங்கள்.

இந்த அக்கறையை மருத்துவரோடும் செவிலியரோடும் நிறுத்திக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. உடல்களைப் பொட்டலமாகக் கட்டியவர்கள் பிணவறை ஊழியர்கள். வார்டைக் கழுவியவர்கள் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள்.

அலை ஓய்ந்த உடனேயே கணக்கை மூடியதும் தவறே. பெருந்தொற்றுக் காலத்தில் தமிழக அரசு தற்காலிகமாக நியமித்த 2,000-க்கும் மேற்பட்ட செவிலியர்களின் பணி 2022 டிசம்பர் 31-உடன் முடிந்தது. அந்த வார்டுகளின் நினைவு இன்னும் தூக்கத்தைக் கெடுத்தால் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணை அழைக்கலாம். இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.