வண்டி ரோட்டில் அலைகிறதா? ஸ்டியரிங் பாக்ஸில் கை வைப்பதற்கு முன்பு படியுங்கள்

பழைய மாருதி ஜிப்ஸியோ மகிந்திரா ஜீப்போ வைத்திருக்கும் பலரும் சொல்லும் ஒரு வசனம் உண்டு: "ஜீப்புன்னா கொஞ்சம் அலையத்தான் செய்யும்." அதை நம்பாதீர்கள். அறுபதைத் தாண்டியதும் வண்டி இடமும் வலமுமாக ஒதுங்கிக்கொண்டே இருக்கிறது, நீங்கள் ஸ்டியரிங்கைத் திருத்திக்கொண்டே வர வேண்டியிருக்கிறது என்றால் எங்கோ ஒரு பாகம் தேய்ந்திருக்கிறது, அல்லது யாரோ எதையோ மாற்றி வைத்திருக்கிறார்கள். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு முதல் கியரில் ஏறும்போது இந்தக் கோளாறு வெளியே தெரியவே தெரியாது. கீழே போடிப் பக்கம் இறங்கி, நேர்ரோட்டில் எதிரே ஒரு லாரி வரும்போதுதான் தெரியும்.

நிறையப் பேர் செய்யும் முதல் வேலை, செய்யவே கூடாத வேலை, ஸ்டியரிங் பாக்ஸ் (ஸ்டியரிங் சுற்றலைச் சக்கரத்தைத் திருப்பும் அசைவாக மாற்றும் பல்சக்கரப் பெட்டி) மேலே இருக்கிற அட்ஜஸ்ட்மென்ட் ஸ்குருவை முறுக்குவது. ஒரு ஸ்பேனர், ஒரு ஸ்குரு டிரைவர், ஐந்து நிமிடத்தில் பிளே, அதாவது ஸ்டியரிங்கின் வெற்று ஆட்டம், குறைந்த மாதிரி இருக்கும். ஆனால் வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் பாக்ஸுக்குள் தேய்மானம் நடுப்பகுதியில்தான் அதிகம். நடுவில் இருக்கும் பிளேயைக் கொல்லும் அளவுக்கு முறுக்கினால், அவ்வளவு தேயாத இரண்டு ஓரங்களிலும் பற்கள் இறுகிப் பிடிக்கும். வளைவில் திருப்பிவிட்டு விட்டால் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது, நீங்களே இழுத்து நேராக்க வேண்டும், அப்போது கொஞ்சம் கூடிப்போகும், மறுபடி திருத்துவீர்கள். அலைச்சல் போகவில்லை, பழையது போய்ப் புதியது வந்திருக்கிறது, அவ்வளவுதான். இன்னொன்று, பாக்ஸ் மூடிய பெட்டிக்குள் எண்ணெயில் கிடக்கிறது. வெளியே சேற்றிலும் தண்ணீரிலும் அடிபடும் ஜாயின்ட்டுகள்தான் முதலில் தேயும். அதனால் பாக்ஸைக் கடைசியில்தான் தொட வேண்டும்.

அதற்கு முன்பு கோளாறு எது என்று பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும். ஒரே பக்கமாக இழுப்பது வேறு, பெரும்பாலும் டயர் காற்றோ பிரேக் பிடிப்போதான். ஒரு குழியில் ஏறியதும் முன் சக்கரங்கள் படபடவென்று உதறுவது வேறு. அலைவது வேறு. மூன்றுக்கும் சேர்த்து ஸ்டியரிங் டேம்பரை (ஸ்டியரிங் கம்பியில் இருக்கும் ஷாக் அப்ஸார்பர்) மாற்றிவிடுகிறார்கள். டேம்பர் உதறலை அடக்கும், அதுவும் தற்காலிகமாக. அலைச்சலுக்கு அது மருந்தே இல்லை. புது டேம்பர் போட்டதும் வண்டி நன்றாகிவிட்டது என்று யாராவது சொன்னால், உள்ளே தேய்ந்த பாகம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, வண்டியை ஜாக்கியில் தூக்கிவிட்டு ஜாயின்ட்டுகளை ஆட்டிப் பார்த்து "எல்லாம் டைட்டா இருக்கு" என்று முடிவுக்கு வருவது. பாரம் இல்லாதபோது பல ஜாயின்ட்டுகள் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும். சக்கரங்கள் நான்கும் தரையில் இருக்கட்டும், கைப்பிரேக் போட்டு பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிடுங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகச் சின்னதாக, சக்கரம் நகரத் தொடங்கும் அளவுக்கு மட்டும், ஆட்டிக்கொண்டே இருக்கட்டும். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டி என்றால் இன்ஜின் ஓட வேண்டியதில்லை. நீங்கள் கீழே படுத்து, ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் கட்டைவிரல் ஒரு பாகத்திலும் ஆள்காட்டி விரல் அடுத்த பாகத்திலும் படும்படி வைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகூட விரலில் 'டொக்' என்று தட்டும். ஸ்டியரிங் காலம் கப்ளிங், டிராப் ஆர்ம் (பாக்ஸிலிருந்து வரும் கை), டிராக் லிங்க் (அந்தக் கையின் அசைவைச் சக்கரப் பக்கம் கொண்டுபோகும் கம்பி) இரண்டு முனை, டை ராட் (இரண்டு முன் சக்கரங்களையும் இணைக்கும் கம்பி) இரண்டு முனை, எதையும் விடாதீர்கள். பழைய சிஜே-3பி (வில்லிஸ் ஜீப் மாடல்) வழியில் வந்த மகிந்திரா ஜீப் என்றால் நடுவில் பெல் கிராங்க் (அசைவின் திசையை மாற்றிக் கொடுக்கும் கை) ஒன்று இருக்கும், அதன் அச்சுப் பின்னும் புஷ்ஷும் தேய்ந்தால் வண்டி தாறுமாறாக அலையும். அப்படியே பாக்ஸ் சேஸியில் உட்காரும் இடத்தையும் பாருங்கள். சேற்றைச் சுரண்டி, டீசல் போட்டுத் துடைத்த பிறகு ஸ்டியரிங்கை ஆட்டச் சொன்னால், போல்ட் தளர்ந்திருந்தால் பாக்ஸே நகரும். அங்கே மயிரிழை விரிசல் இருந்தால் அதன் வாய் திறந்து மூடும்.

டை ராடைக் கையால் பிடித்து உருட்டினால் உருளுகிறது என்பதற்காக அதன் எண்டுகளை மாற்றாதீர்கள். உருள்வது இயல்பு. மேலும் கீழுமாகவோ நீளவாக்கிலோ ஆடினால்தான் கோளாறு.

கிங்பின் (முன் சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சு) விஷயத்தில் இரண்டு விதமாகத் தவறு நடக்கிறது. முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் ஆடுகிறது, உடனே வீல் பேரிங்கை இறுக்கிவிடுவார்கள். அதற்கு முன்பு ஒருவரை பிரேக் பெடலை மிதிக்கச் சொல்லுங்கள், பிறகு ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காமல் ஆடினால் கிங்பின் பேரிங். அப்புறம் கிங்பின் பேரிங் மாற்றும்போது ஷிம்களை (இறுக்கத்தைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய தகடுகள்) எடுத்து எறிந்துவிட்டு, எவ்வளவு இறுகுமோ அவ்வளவு இறுக்கிவிடுவார்கள். இறுக்கமான கிங்பின்னும் வண்டியை அலைய வைக்கும். சக்கரம் திருப்பிய இடத்திலேயே நின்றுவிடும், நடுவுக்கு வராது. டை ராடையும் டிராக் லிங்க்கையும் கழற்றிவிட்டு ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்துப் பார்த்து, மேனுவலில் உள்ள அளவுக்கு ஷிம் வைப்பதுதான் முறை. இதற்குப் பொறுமை உள்ள மெக்கானிக் கிடைத்தால் கூலி கொஞ்சம் அதிகம் கேட்டாலும் கொடுங்கள்.

பட்டையை (லீஃப் ஸ்பிரிங்) யாரும் ஸ்டியரிங் கோளாறோடு சேர்த்துப் பார்ப்பதில்லை, ஆனால் இந்த வண்டிகளில் ஆக்ஸிலை இடத்தில் நிறுத்துவதே பட்டைதான். ஷாக்கிள் (பட்டை முனையைச் சேஸியோடு இணைக்கும் ஆடும் பிடி) புஷ் கரைந்திருந்தால், பட்டையை ஆக்ஸிலோடு பிடிக்கும் யூ போல்ட் தளர்ந்து சென்டர் போல்ட் முறிந்திருந்தால், ஆக்ஸில் முன்னும் பின்னும் நகரும். பின் ஆக்ஸில் கோணினாலும் வண்டி கோணலாகத்தான் போகும். ஒரு டேப் எடுத்து, ஸ்டியரிங்கை நேராக வைத்து, முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். ஜிப்ஸியில் அது 2375 மி.மீ, இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

உயரம் வேண்டும் என்று முன்பக்கம் நீள ஷாக்கிள் போட்டவர்கள் இதைக் கவனியுங்கள். இந்த வண்டிகளில் முன் பட்டையின் ஷாக்கிள் முன்முனையில் இருக்கிறது. அதை நீட்டினால் ஆக்ஸில் மூக்கு கவிழ்ந்து காஸ்டர், அதாவது கிங்பின் பின்னால் சாய்ந்திருக்கும் கோணம், குறையும். சைக்கிள் ஃபோர்க் சாய்ந்திருப்பது சைக்கிள் நேராக ஓட உதவுகிறது, அதே வேலையைத்தான் காஸ்டரும் செய்கிறது. ஜிப்ஸிக்கு அது சுமார் 3½ டிகிரி. பக்கவாட்டில் நின்று பார்த்தால் மேல் கிங்பின் கீழ் கிங்பின்னைவிடப் பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் இடையில் ஆப்புத் தகடு வைத்து இதைச் சரிசெய்யலாம். தகட்டைத் திருப்பி வைத்தால் இருப்பதும் போய்விடும்.

டயர் பற்றி ஒரு வரி: அகல மட் டயரும் கண்டபடி அடித்த காற்றும் மட்டுமே வண்டியை அலைய வைக்கப் போதும், அதனால் எல்லாவற்றுக்கும் முன்பு காற்றைப் பாருங்கள். தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டுக்கொண்டு ஓட்டிப் பார்த்து ஸ்டியரிங் இறுகுகிறது என்பதும் வேண்டாம், டூ வீலில் போட்டு ஓட்டுங்கள்.

வீல் அலைன்மென்ட்டுக்கு முதலில் ஓடாதீர்கள். தேய்ந்த ஜாயின்ட்டை வைத்துக்கொண்டு எடுக்கும் டோ (முன் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருப்பது) அளவு மேடையில் மட்டும்தான் சரியாக இருக்கும், ரோட்டில் இறங்கியதும் மாறிவிடும். பாகங்களை மாற்றி முடித்து, டை ராட் எண்ட் நட்டுகளில் காட்டர் பின் (நட்டு கழலாமல் பூட்டும் கம்பி) எல்லாம் புதிதாகக் குத்தியிருக்கிறதா என்று நீங்களே குனிந்து பார்த்துவிட்டு, அப்புறம் டோ பாருங்கள். அப்போதும் பிளே மிச்சம் இருந்தால், ஸ்டியரிங்கை நேராக வைத்து, டிராக் லிங்க்கைக் கழற்றிவிட்டு, பாக்ஸ் ஸ்குருவைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை எங்கும் பிடிக்காமல் சுற்றுகிறதா என்று பாருங்கள். பிடித்தால் பாக்ஸைப் பிரிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.