வர்ஜீனியாவின் அகஸ்டா கவுண்டியில் வம்சாவளி தேடுவது எப்படி?

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஏடுகளைத் தீக்கு இரையாக்கிய கவுண்டிகள் (நம்மூர் மாவட்டம் போன்றவை) நிறைய. 1865இல் மாநிலத் தலைநகர் ரிச்மண்ட் எரிந்தபோது, பத்திரமாக இருக்கட்டும் என்று அங்கே அனுப்பப்பட்டிருந்த கவுண்டி ஏடுகளும் சேர்ந்தே சாம்பலாயின. அகஸ்டா தப்பியது. 1745 டிசம்பரில் முதல் நீதிமன்ற அமர்வு கூடிய காலம் முதல் அதன் உயில்களும் பத்திரங்களும் ஸ்டான்டன் நகரில் தொடர்ச்சியாகக் கிடைக்கின்றன. ஆகவே இங்கே ஓர் ஆவணம் அகப்படவில்லை என்றால், அது அழிந்துவிட்டது என்று அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம். பெரும்பாலும் வேறு கவுண்டியின் ஏட்டில் இருக்கும்.

படி 1: பெயரை விடுங்கள், நிலத்தைப் பிடியுங்கள்

புதிதாகத் தேடுவோர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். அகஸ்டாவை உருவாக்கும் சட்டம் 1738இல் வந்துவிட்டது. ஆனால் நீதிமன்றம் இயங்கத் தொடங்கியது 1745இல்தான். இடைப்பட்ட ஏழு ஆண்டுகளின் கிரயங்கள் தாய்க் கவுண்டியான ஆரஞ்சில் பதிவாகியுள்ளன. பிறகு அகஸ்டாவிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிந்தன: 1770இல் பாட்டடாட், 1778இல் ராக்கிங்ஹாம், ராக்பிரிட்ஜ், 1790களின் தொடக்கத்தில் பாத்.

இன்றைய லெக்சிங்டன் நகரம் இருக்கும் இடத்தில் ஒரு குடும்பம் 1740 முதல் 1780 வரை வீட்டை விட்டு நகரவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் பத்திரங்கள் நான்கு கவுண்டிகளில் கிடக்கும்: 1745 வரை ஆரஞ்சு, 1770 வரை அகஸ்டா, 1778 வரை பாட்டடாட், அதற்குப் பின் ராக்பிரிட்ஜ். இதைத் தெரிந்துகொள்ளாமல் பல வம்சாவளி மரங்களில் "பாட்டடாட்டுக்குக் குடிபெயர்ந்தார்" என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பெயர்ந்தது எல்லைக்கோடு, ஆள் அல்ல.

எனவே முதலில் ஒரு தாளில் ஆண்டு, நிலம் இருந்த ஓடை, அந்த ஆண்டில் அது எந்தக் கவுண்டி என மூன்று பத்தி போட்டு நிரப்புங்கள். அதை முடிக்காமல் எந்தத் தேடல் பெட்டியிலும் பெயரைத் தட்டாதீர்கள்.

படி 2: பத்திரங்கள்

ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்குங்கள். முகப்பில் இருக்கும் பெயர்த் தேடலை மட்டும் நம்பினால் பாதி போய்விடும். 'கேட்டலாக்' பகுதிக்குப் போய் இடப்பெயரால் தேடி, பத்திர அட்டவணை ஏட்டைப் படமாகவே திறந்து பாருங்கள். எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் என்று இரண்டு அட்டவணை இருக்கும். இரண்டையும் பாருங்கள். நம்மூரில் தாய்ப்பத்திரம் தேடிப் பின்னோக்கிப் போவது போலத்தான் வேலை. சில படங்கள் வீட்டிலிருந்து திறக்காது, அவர்களுடைய மையத்திலோ இணைப்பு நூலகத்திலோதான் பார்க்க முடியும். கையெழுத்தைக் கணினியே படித்துத் தேடும் முழுவாசகத் தேடல் வசதியும் இப்போது உண்டு. சாட்சிக் கையெழுத்துப் போட்டவர், பக்கத்து நிலத்துக்காரர் எல்லாம் அதில் சிக்குவதால் அதைத் தவறவிடாதீர்கள். கட்டணத் தளங்களுக்குப் பணம் கட்டுவது இதையெல்லாம் முடித்த பிறகுதான் என்பது என் கட்சி.

சக்குபந்தி, அதாவது நிலத்தின் எல்லை விவரம், 'போல்' என்ற நீள அளவில் எழுதப்பட்டிருக்கும். ஒரு போல் 16.5 அடி. 160 சதுர போல் ஒரு ஏக்கர். மரங்களையும் ஓடைகளையும் எல்லையாகச் சொல்லியிருப்பார்கள். பக்கத்து நிலத்துக்காரர் பெயர்களைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள், மருமகன்கள் பெரும்பாலும் அங்கேதான் இருப்பார்கள்.

வாங்கிய பத்திரமே இல்லாமல் ஒருவர் நிலத்தை விற்றிருந்தால் திகைக்க வேண்டாம். 1785இல் சட்டம் மாறி 1787இல் நடைமுறைக்கு வரும்வரை, தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே போய்விடும். அதற்குப் பத்திரம் எழுத வேண்டியதில்லை. விற்றவர் மூத்த மகன் என்பதற்கு அந்த இல்லாத பத்திரமே நல்ல துப்பு.

படி 3: பாகப்பிரிவினை வழக்குகள்

அகஸ்டாவின் உண்மையான புதையல் சான்சரி (பாகப்பிரிவினை போன்ற தகராறுகளை நியாய அடிப்படையில் தீர்த்த நீதிமன்றம்) வழக்குக் கட்டுகள். வர்ஜீனியா நூலகம் இவற்றை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. சொத்தைப் பிரிக்கச் சொல்லி ஒருவர் வழக்குப் போட்டால் வாரிசுகள் அத்தனை பேரையும் சேர்க்க வேண்டும். மகள்கள் கணவன் பெயரோடு வருவார்கள். கென்டக்கிக்கோ ஓஹையோவுக்கோ போனவர்களும் வருவார்கள். உயிலில் "என் பிள்ளைகள்" என்று ஒரே வரியில் முடிந்தது இங்கே பெயர்பெயராக விரியும்.

ஒன்றைக் கவனியுங்கள்: வழக்கு எண்ணின் முன்பகுதியில் இருக்கும் ஆண்டு வழக்கு முடிந்த ஆண்டு. இருபது முப்பது ஆண்டு இழுத்த வழக்குகள் உண்டு. 1795இல் இறந்தவரின் சொத்துத் தகராறை அந்த ஆண்டை ஒட்டி மட்டும் தேடினால் கிடைக்காது. ஆண்டுப் பெட்டியைக் காலியாக விடுங்கள். வாதி, பிரதிவாதி பெட்டிகளோடு நிற்காமல் குடும்பப்பெயர்ப் பெட்டியிலும் தேடுங்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டான்டனில் மேல் சான்சரி நீதிமன்றம் இருந்ததால், சுற்றுவட்டாரக் கவுண்டிக்காரர்களின் வழக்குகளும் இங்கேயே இருக்கின்றன.

அகஸ்டா நீதிமன்ற ஏடுகளைச் சுருக்கி லைமன் சாக்லி 1912இல் வெளியிட்ட மூன்று தொகுதிகளை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். வழிகாட்டியாக நல்லது, சான்றாக ஆகாது. பிழைகளும் விடுபாடுகளும் உண்டு. மூலப் பக்கத்தைப் பார்க்காமல் மரத்தில் ஏற்றாதீர்கள்.

படி 4: பிறப்பு, திருமணம், மக்கள்தொகை

வர்ஜீனியாவில் பிறப்பு, இறப்புப் பதிவு 1853 முதல் 1896 வரை நடந்தது. பிறகு 1912 ஜூன் வரை வெற்றிடம். அந்த இடைவெளிக்கு 1900 மக்கள்தொகைக் கணக்கைப் பாருங்கள், அதில் பிறந்த மாதமும் ஆண்டும் உண்டு. 1853க்கு முந்தைய திருமண ஜாமீன் பத்திரம் கல்யாணம் நடந்ததற்குச் சான்று அல்ல, நடத்தப் போகிறோம் என்ற உறுதிமொழி மட்டுமே. மதகுரு அனுப்பிய அறிக்கை இருந்தால்தான் தேதி உறுதி.

1790, 1800 கணக்கெடுப்புகளில் வர்ஜீனியாவின் பட்டியல்கள் இல்லை. அந்த இடத்தை 1782இல் தொடங்கும் வரிப்பட்டியல்கள் நிரப்பும். ஆண்டுவாரியாகப் பாருங்கள். ஒருவர் பெயர் புதிதாக முளைத்தால் ஏறத்தாழ 21 வயது ஆகியிருக்கும், அல்லது வெளியூரிலிருந்து வந்திருப்பார்.

அடிமைப்படுத்தப்பட்டிருந்தவர்களின் வழித்தோன்றல்களுக்குப் பாதை வேறு. 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் உரிமையாளர் பெயர்தான் இருக்கும். விடுதலையானவர்களைப் பெயரோடு காட்டிய முதல் கணக்கெடுப்பு 1870. அதற்கும் முன்னால், கணவன் மனைவியாக வாழ்ந்தவர்களைப் பதிந்த 1866ஆம் ஆண்டு ஏடு அகஸ்டாவுக்குக் கிடைத்திருக்கிறது. அதிலிருந்து உரிமையாளர் குடும்பத்தின் உயில், சொத்து மதிப்பீட்டுப் பட்டியல், சான்சரி வழக்கு என்று பின்னோக்கிச் செல்லுங்கள்.

பின்சேர்க்கை

தேதி முரண்படுகிறதா? 1752க்கு முன் ஆங்கிலேய ஆண்டு மார்ச் 25இல் தொடங்கியது. 1745 பிப்ரவரி என்று ஏட்டில் இருந்தால் நம் கணக்கில் அது 1746. ஏட்டில் உள்ளபடியே எழுதிக்கொண்டு, மாற்றிய ஆண்டைப் பக்கத்தில் போடுங்கள்.

ஜெர்மன் குடும்பங்களில் பெயர் ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி மாறும். காய்னர் என்ற பெயரை 'கே' எழுத்திலும் 'சி' எழுத்திலும் தேட வேண்டும். சிம்மர்மேன் கார்பென்டராக மாறுவதும் உண்டு.

ஸ்டான்டனும் வேன்ஸ்பரோவும் இன்று கவுண்டியில் சேராத தனி நகரங்கள். வேன்ஸ்பரோ அப்படி ஆனது 1948இல்தான், அதற்கு முந்தையதைக் கவுண்டியில் தேடுங்கள். ஸ்டான்டனுக்கு நகர நீதிமன்ற ஏடுகள் தனியாக உள்ளன. கவுண்டி ஏட்டில் ஸ்டான்டன்வாசி ஒருவரின் உயில் கிடைக்கவில்லை என்றால் அடுத்துத் திறக்க வேண்டியது அவற்றைத்தான்.