ரோட்ல தங்குறவங்களுக்கு உதவணுமா? இப்படி ஆரம்பிங்க

மூணு நாலு ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்தா போதும், டிரஸ்ட் எல்லாம் வேணாம். ஆனா எடுத்த எடுப்புல சாப்பாட்டு மூட்டையோட கெளம்பிடாதீங்க, அந்த ஏரியால ஏற்கனவே யாரு எந்தக் கிழமை குடுக்குறாங்கன்னு விசாரிங்க, இல்லன்னா ஒரே நாள்ல மூணு குரூப் வந்து நிக்கும், மத்த நாள் பட்டினி.

தனியா போகாதீங்க. தூங்குறவங்கள எழுப்பாம தண்ணி பாட்டில மட்டும் பக்கத்துல வெச்சுட்டு வாங்க. முழிச்சிருந்தா பக்கத்துல குத்த வெச்சு உக்காந்து என்ன வேணும்னு கேளுங்க. நெறைய பேர் சாக்ஸ்தான் கேப்பாங்க, ஏன்னா ஈர சாக்ஸோட நாள் பூரா நடந்தா விரல் இடுக்குல தோல் ஊறி வெள்ளையாகி, உரிஞ்சு, அப்புறம் புண்ணுதான். சானிட்டரி நாப்கின் கேக்கக் கூச்சப்படுவாங்க, பெண்களுக்கான கிட்ல நீங்களே போட்டுடுங்க.

சமைச்சது வெளிய 2 மணி நேரத்துக்கு மேல இருந்தா குடுக்காதீங்க. குளிர்ல நடுங்கிட்டு இருந்தவருக்கு நடுக்கம் நின்னு பேச்சு கொளற ஆரம்பிச்சா குளிர் விட்டுடுச்சுன்னு நெனைச்சுடாதீங்க, உசுருக்கே ஆபத்து, ஒடனே ஆம்புலன்ஸ கூப்பிடுங்க.

போட்டோ மட்டும் வேணாம், கெஞ்சிக் கேக்குறேன். அடி தாங்காம வீட்ட விட்டு வந்த பொண்ணு அதுல இருந்தா, அடிச்சவன் அத வெச்சே தேடி வந்துடுவான்.

அவங்களோட அடையாள கார்டு, முக்கியமான பேப்பர் நனையாம இருக்க ஜிப் கவர் குடுங்க, அது தொலைஞ்சா மறுபடி வாங்குறது பெரிய பாடு. அடுத்து எப்ப வருவீங்கன்னு சொல்லிட்டு வாங்க, சொன்ன நாள்ல போயிடுங்க.