பூக்கடை பில்லில் காணாமல் போகும் 350 கிராம்

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்கு ஜாவா என்ற புரோகிராம் மொழியில் பில் புரோகிராம் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் 7 கிலோ 350 கிராம் மல்லிகை கொண்டுவருகிறார். விலை கிலோ 620 ரூபாய். எடையைக் கிராமில், இன்ட்டாக (int, முழு எண் வகை) வைத்து 7350 / 1000 * 620 என்று எழுதினால் 4340 வரும். வரவேண்டியது 4557. இன்ட்டை இன்ட்டால் வகுத்தால் ஜாவா தசமத்தைத் தூக்கிப் போட்டுவிடும், 7.35 வெறும் 7 ஆகிவிட்டது. விவசாயிக்கு 217 ரூபாய் நட்டம், திரையில் ஒரு எர்ரர்கூட இல்லை.

உடனே பலரும் செய்வது, விடையை வாங்கும் வேரியபிளை டபுள் (double, தசம எண் வகை) ஆக்குவது. பயனில்லை, 4340.0 வரும். வலப்பக்கக் கணக்கு முழுக்க இன்ட்டில் முடிந்த பிறகுதான் டபுளாக மாறுகிறது. போன 350 கிராம் திரும்பி வராது. 10 சதவீதக் கமிஷனை (10 / 100) என்று எழுதினாலும் இதே கதைதான், கமிஷன் 0. இன்ட்டில் கணக்குப் போட்டால் முதலில் பெருக்குங்கள், கடைசியில் வகுங்கள்.

ஆனால் முதலில் பெருக்குவதில் வேறொரு ஆபத்து இருக்கிறது. விலையைப் பைசாவில் வைத்திருக்கிறீர்கள், 40 கிலோ பூ வருகிறது. 40000 * 62000 என்றால் 248 கோடி. இன்ட் தாங்குவது 2147483647 வரைதான். அதைத் தாண்டியதும் மதிப்பு சுற்றிக்கொண்டு -1814967296 ஆகிறது. அதை 1000-ஆல் வகுத்து, பைசாவை ரூபாயாக்கினால், 24,800 ரூபாய் வரவேண்டிய பில்லில் மைனஸ் 18 ஆயிரம் நிற்கும். இங்கேயும் விடையை லாங்கில் (long, இன்ட்டைவிடப் பெரிய முழு எண் வகை) வாங்கினால் போதாது. பெருக்கும் எண்களில் ஒன்றாவது பெருக்குவதற்கு முன்பே லாங்காக இருக்க வேண்டும்.

சரி, எல்லாவற்றையும் டபுளில் போட்டுவிடலாமே என்று தோன்றும். பணத்துக்கு அது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 19.99 ரூபாயைப் பைசாவாக்க 100-ஆல் பெருக்கினால் டபுளில் 1998.9999999999998 கிடைக்கும். அதை இன்ட்டாக காஸ்ட் செய்தால், அதாவது வகை மாற்றினால், 1998. காஸ்ட் பக்கத்து முழு எண்ணுக்கு ரவுண்ட் செய்யாது, தசமத்தை வெட்டும். மேத்.ரவுண்ட் போட்டால் 1999 வரும். அதைவிட, பணத்தை ஆரம்பத்திலிருந்தே பைசாவில் லாங்காக வைப்பது நல்லது.

ஃப்ளோட் (float, டபுளைவிடச் சிறிய தசம எண் வகை) இன்னும் மோசம். 16777217 என்ற இன்ட்டை ஃப்ளோட்டில் போட்டால் 16777216 ஆகிவிடும். புரோகிராமைச் சரிபார்த்து மொழிமாற்றும் கம்பைலர் வாயே திறக்காது.

பெரிய இடங்களும் இதற்குத் தப்பவில்லை. 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் கிளம்பிய ஒரு நிமிடத்துக்குள் வெடித்தது. 64 பிட் தசம எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணுக்கு மாற்றியபோது அதில் அடங்கவில்லை. தடுமாற்றம் அங்கேதான் தொடங்கியது.

லாங்கை இன்ட்டாக்கியே தீர வேண்டுமென்றால் வெறும் காஸ்ட் போடாதீர்கள். மேத் கிளாஸில் டுஇன்ட்எக்ஸாக்ட் (Math.toIntExact) இருக்கிறது, ஜாவா 8 முதல். எண் அடங்காவிட்டால் எக்ஸெப்ஷன், அதாவது பிழை அறிவிப்பு, எறியும். அந்த பில் நின்றுபோகும். கடைக்காரர் உங்களைக் கூப்பிடுவார், நீங்கள் அன்றைக்கே சரிசெய்யலாம்.