நீதிமானாக்கப்படுவதும் பரிசுத்தமாக்கப்படுவதும்: எங்கே குழம்புகிறோம்?

நீதிமானாக்கப்படுவது என்றால், தேவன் ஒருவரை நீதியுள்ளவர் என்று தீர்ப்பளித்து ஏற்றுக்கொள்வது. பரிசுத்தமாக்கப்படுவது என்றால், தேவனுக்கென்று பிரிக்கப்பட்டு அதற்கேற்ற வாழ்க்கை வாழ்வது. இந்த இரண்டையும்தான் நாம் போட்டுக் குழப்புகிறோம். குழப்பத்தில் பாதி நம் பைபிள் தமிழிலிருந்தே வருகிறது. இரண்டு சொல்லிலும் ‘ஆக்கு’ இருக்கிறது, அதனால் தேவன் நம்மைக் கொஞ்சம் கொஞ்சமாக நல்லவனாக மாற்றி, போதுமான அளவு மாறியதும் ஏற்றுக்கொள்வார் என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் ‘நீதிமானாக்குதல்’ என்பதற்குப் பவுல் எழுதிய கிரேக்கச் சொல் நீதிமன்றத்துச் சொல். லூக்கா 7:29-ல் ஜனங்கள் தேவனை நீதிபரர் என்று அறிக்கையிட்டார்கள் என வருகிறதே, அங்கேயும் அதே வினைச்சொல்தான். தேவனை யாராவது நீதியுள்ளவராக மாற்ற முடியுமா? அவர் நீதியுள்ளவர் என்று சொன்னார்கள், அவ்வளவுதான். ரோமர் 5:1-லும் ‘நீதிமான்களாக்கப்பட்டிருக்கிறபடியால்’ என்றுதான் வருகிறது; அது முடிந்துபோன தீர்ப்பு.

இது புரியாவிட்டால், சபையில் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து ஞாயிறன்று தெரிந்துவிடும். “இந்த வாரம் சரியா ஜெபிக்கல பிரதர், வீட்டுல கோபப்பட்டுட்டேன், அதான் எடுக்கல” என்று கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுவார் ஒருவர். கோபத்துக்காக மனம் வருந்துவது சரி. ஆனால் அந்த வாரத்து மார்க்கை வைத்துத் தேவன் தன்னை ஏற்றுக்கொள்வதை அளப்பது, பரிசுத்த வாழ்க்கையை நீதிமானாவதற்கான கட்டணமாக்கிவிடுவது. இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன்.

இதற்கு நேரெதிர்ப் பக்கமும் உண்டு: ‘கிருபைதான் இருக்கே’ (தகுதி பார்க்காமல் தேவன் காட்டும் தயவு) என்று காலாட்டிக்கொண்டு உட்காருவது. ‘அப்படியானால் கிருபை பெருக வேண்டுமென்று பாவத்திலேயே இருக்கலாமா?’ ரோமர் 6-ஐ எழுத வைத்ததே அந்தக் கேள்விதான்.

அப்புறம் யாக்கோபு 2:24: மனுஷன் விசுவாசத்தினால் மாத்திரமல்ல, கிரியைகளினாலும் (செயல்களினாலும்) நீதிமானாக்கப்படுகிறான் என்கிறது. அதை வைத்துப் பவுலோடு சண்டை மூட்டுவோம். பவுல் ரோமர் 4-ல் எடுப்பது ஆதியாகமம் 15-ஐ, ஆபிரகாம் விசுவாசித்த இடம். யாக்கோபு காட்டுவது 22-ஆம் அதிகாரம், ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்திய இடம். ஈசாக்கு பிறப்பதற்கு முன்பே வந்த தீர்ப்பு, பிற்பாடு மலைமேல் வெளியே தெரிந்தது.

நான் சொல்வது புராட்டஸ்டண்டு பார்வை. கத்தோலிக்கர்களுக்கு இரண்டும் இப்படிப் பிரியாது. பாவமன்னிப்போடு உள்ளான மனிதன் புதிதாவதும் சேர்ந்ததே நீதிமானாக்கப்படுதல் என்று அவர்களுடைய ஆயர்கள் கூடிய திரெந்து சங்கம் 1547-ல் சொன்னது. அதற்காக ‘அவர்கள் கிரியையால் மட்டும் இரட்சிப்பு என்கிறார்கள்’ என்று பேசாதீர்கள், தப்பு. 1999-ல் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் அவுக்ஸ்பர்கில் கையெழுத்திட்ட அறிக்கை, நம் தகுதியால் அல்ல, கிருபையால் மட்டுமே தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்றே சொல்கிறது.

இன்னொன்று, ‘பரிசுத்தமாகுதல்’ எப்போதும் படிப்படியான வளர்ச்சி என்று எண்ணுவது. 1 கொரிந்தியர் 1:2-ல் ‘பரிசுத்தமாக்கப்பட்டவர்கள்’ என்று அழைக்கப்பட்டவர்கள், அதே நிருபத்தில் கட்சி கட்டிச் சண்டை போட்டு, ஒருவர்மேல் ஒருவர் வழக்கும் போட்டுக்கொண்டிருந்தவர்கள்! வளர்ந்து முடித்ததால் அல்ல, தேவனுக்கென்று ஏற்கெனவே பிரிக்கப்பட்டதால்தான் அந்தப் பெயர்.