இரவானால் பால் ஊற்றியதுபோல் ஆகிவிடும் கேமரா: வீட்டிலேயே சரிசெய்யும் வழி

சிங்கப்பூரில், அங் மோ கியோ வட்டாரத்தில் இருக்கும் என் அத்தை வீட்டு வாசலில் ஒரு கண்காணிப்புக் கேமரா இருக்கிறது. பகலில் எதிர்ச்சுவரில் பெயின்ட் உரிந்த இடம்கூடத் தெளிவாகத் தெரியும். மாலை ஏழரை மணி ஆனால் போதும், படம் முழுக்க வெளுத்துப்போய், யார் வந்தாலும் நிழல் மாதிரிதான் தெரியும். “எனக்கு மாதிரியே அதுக்கும் கண்ணுல புரை விழுந்துடுச்சாப்பா?” என்று போனில் கேட்டார். புதுக் கேமரா வாங்கப் பணம்கூட எடுத்து வைத்திருந்தார். கடைசியில் கண்ணாடி துடைக்கும் துணியும் ஒரு ஸ்குரூடிரைவருமே போதுமானதாக இருந்தது.

முதலில் ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது. இருட்டியதும் கேமரா தன் லென்ஸைச் சுற்றியுள்ள குட்டி விளக்குகளைப் போட்டுக்கொள்ளும். அவை விடுவது அகச்சிவப்பு ஒளி. நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். அதாவது கேமரா கையில் ஒரு டார்ச்சுடன் நிற்கிறது. அந்த டார்ச்சுக்கு முன்னால், ஒரு சாண் தூரத்தில் ஏதாவது இருந்தால் அதன்மேல் பட்ட வெளிச்சம் நேரே லென்ஸுக்குள் திரும்பி அடிக்கும். தூரத்தில் இருப்பது எதுவும் தெரியாது. இரவு மங்கலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பகலில் டார்ச் எரிவதில்லை, அதனால் படமும் கெடுவதில்லை.

படத்தை உற்றுப் பாருங்கள்

ஏணியைத் தேடுவதற்கு முன், இரவு எட்டு மணிக்கு மேல் போனில் கேமராவின் செயலியைத் திறந்து படத்தைப் பாருங்கள். எல்லா மங்கலும் ஒரே மங்கல் இல்லை. படம் முழுக்கவோ ஒரு ஓரத்திலோ வெள்ளைப் புகை படிந்தாற்போல் இருந்தால் அழுக்கு அல்லது எதிரொளிப்பு. சுவரும் செருப்பு அலமாரியும் தெளிவாக இருந்து, நடக்கிற ஆள் மட்டும் இழுபட்டுத் தெரிந்தால் வெளிச்சம் போதவில்லை. புகையே இல்லாமல் எல்லாமே கொஞ்சம் கொழகொழவென்று இருந்தால் ஃபோகஸ். கட்டம் கட்டமாக உடைந்தால் அது இணையத்தின் வேலை. செயலியில் எஸ்டி (குறைந்த தரம்) என்று இருப்பதை எச்டிக்கு (உயர்ந்த தரம்) மாற்றுங்கள், வைஃபை ரவுட்டர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.

துடைப்பது

கேமராவின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, உறுதியான ஸ்டூலில் ஏறுங்கள். தாழ்வாரத்துக் கைப்பிடிச் சுவர் பக்கம் என்றால் இன்னொருவர் ஸ்டூலைப் பிடித்துக்கொள்ளட்டும். டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்த்தால், நேராகப் பார்க்கும்போது தெரியாத படலமெல்லாம் தெரியும். புதுக் கேமரா என்றால் லென்ஸ்மேல் ஒட்டிவந்த பிளாஸ்டிக் தாள் இன்னும் அங்கேயே இருக்கிறதா என்றும் பாருங்கள். சிரிக்காதீர்கள், இரண்டு வீட்டில் பார்த்துவிட்டேன்.

நம் வீட்டு வாசலுக்கென்றே சில அழுக்குகள் உண்டு. வெள்ளிக்கிழமை தவறாமல் போடும் சாம்பிராணி, ஊதுவத்தி, விளக்கெண்ணெய்ப் புகை எல்லாம் லென்ஸ்மேல் மெல்லிய பிசுக்காகப் படியும். அடுப்படி பக்கத்தில் கேமரா இருந்தால் தாளிப்பு எண்ணெயும் சேரும். அதன்மேல் தூசி ஒட்டும். பகலில் இது பெரிதாகத் தெரியாது. இரவில் அகச்சிவப்பு ஒளி பட்டதும் படலம் முழுக்கப் பளபளக்கும். சிலந்தி வலையும் அப்படித்தான். லென்ஸுக்கு முன்னால் ஒற்றை இழை இருந்தால்கூட படத்தில் கயிறு தொங்குவதுபோல் வெள்ளையாக ஆடும்.

முதலில் ஊதியோ மெல்லிய தூரிகையாலோ தூசியைத் தட்டுங்கள். அப்படியே துணியைப் போட்டால் மணல் துகள் கீறிவிடும். அப்புறம் மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியைக் கொஞ்சம் ஈரமாக்கி நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வட்டமாகத் துடையுங்கள். பிசுக்கு விடவில்லை என்றால் தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு போதும். டிஷ்யூ தாள், சட்டை முனை வேண்டாம். கவிழ்த்த கிண்ணம்போல் மூடியுள்ள கேமராவின் பிளாஸ்டிக்கில் அமோனியா கலந்த கண்ணாடித் திரவத்தையும் தெளிக்காதீர்கள், அந்தப் பிளாஸ்டிக் நிரந்தரமாக மங்கிப்போகும்.

துடைத்தும் உள்பக்கம் நீர் முத்து முத்தாக நின்றால் ஈரம் உள்ளே போயிருக்கிறது. நம் ஊர்க் காற்றில் இது சகஜம். ஏர்கான் அறையிலிருந்து கேமராவை வெளியே எடுத்துவந்த உடனே பனித்தால் சில நிமிடத்தில் தானே போய்விடும். போகாமல் தங்கினால், கழற்றி, புகைப்படக்காரர்கள் வைத்திருக்கும் உலர்பெட்டியில் ஓரிரு நாள் வையுங்கள். அப்படி ஒரு பெட்டி இல்லையென்றால், சிலிக்கா ஜெல் பைகள் போட்ட இறுக்கமான டப்பாவும் போதும். திரும்பத் திரும்ப வந்தால் ஈரம் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம் போய்விட்டது என்று அர்த்தம்.

டார்ச்சுக்கு முன்னால் நிற்பது எது?

அத்தை வீட்டில் நான் துடைத்து முடித்தும் பாதி மங்கல் போகவில்லை. செயலியில் இரவுப் பார்வைப் பகுதிக்குப் போய் அகச்சிவப்பு விளக்கை மட்டும் அணைத்தேன். படம் கறுத்தது, ஆனால் வெள்ளைப் புகை சுத்தமாகப் போய்விட்டது. இந்தச் சோதனையை எல்லோரும் செய்யலாம், அரை நிமிட வேலை. விளக்கை அணைத்ததும் புகையும் மறைந்தால், கேமராவின் ஒளி எதிலோ பட்டுத் திரும்புகிறது.

எதில் என்று கண்டுபிடிக்க, விளக்கை மீண்டும் போட்டுவிட்டு ஒரு கறுப்பு அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். செயலியைப் பார்த்துக்கொண்டே, சந்தேகப்படும் ஒவ்வொரு பொருளுக்கும் கேமராவுக்கும் நடுவில் அட்டையைச் சற்று நீட்டுங்கள். எதை மறைக்கும்போது படம் தெளிகிறதோ அதுதான் ஆள். நான் கேட்டின் கம்பியைச் சந்தேகப்பட்டேன், பக்கத்துச் சுவரையும் சந்தேகப்பட்டேன். மாட்டியது நிலைப்படிக்கு மேல் தொங்கிய பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம்! நம் கண்ணுக்குக் கரும்பச்சை. அகச்சிவப்பில் வெள்ளைத்தாள் மாதிரி மின்னியது. தேக்கா சந்தைப் பக்கம் ஆசையாக வாங்கியதாம், கழற்ற விடமாட்டார். சரி என்று கேமராவை ஒரு சாண் முன்னால் தள்ளி மாட்டினேன்.

கேட் கம்பி, கூரை, பக்கச் சுவர், பூந்தொட்டி இலை எதுவானாலும் இதே வைத்தியம்தான்: கேமராவை முன்னுக்குக் கொண்டுவாருங்கள், அல்லது அந்தப் பொருள் படத்துக்குள் வராதபடி திருப்புங்கள். கிண்ண மூடி உள்ள கேமராவில் லென்ஸைச் சுற்றி ஒரு கறுப்புப் பஞ்சு வளையம் இருக்கும். அது மூடியோடு ஒட்டி உட்காராவிட்டால் ஒளி உள்ளுக்குள்ளேயே கசிந்து படம் வெளுக்கும். திறந்து அழுத்தி மூடிவிடுங்கள்.

சன்னல் கண்ணாடிக்கு உள்ளேயிருந்து வெளியே பார்க்கும் கேமராவுக்கு இந்தத் தந்திரம் எதுவும் உதவாது. கண்ணாடியே ஒளியைத் திருப்பி அடிக்கும். அங்கே அகச்சிவப்பை நிரந்தரமாக அணைத்துவிட்டு, தாழ்வார விளக்கை நம்புவதுதான் வழி. வரவேற்பறை விளக்கையும் அணைத்துவையுங்கள், இல்லையென்றால் உங்கள் சோபாதான் படத்தில் தெரியும்.

மீதி இரண்டு

ஆள் மட்டும் இழுபட்டால், இருட்டில் கேமரா ஷட்டரை நெடுநேரம் திறந்து வைக்கிறது. செயலியின் அமைப்பில் ஷட்டர் வேகம் இருந்தால் 1/30 அல்லது 1/50 வினாடிக்கு மாற்றிப் பாருங்கள். படம் சற்று இருளும், முகம் தெரியும். இரைச்சல் குறைப்பு, அதாவது இருட்டுப் படத்தின் புள்ளிகளை மழுப்பும் வசதி, அதிகமாக இருந்தாலும் பேய்போல வால் விழும், ஒரு படி குறையுங்கள். உண்மையில் வாசலில் ஒரு சின்ன எல்இடி விளக்கு போடுவதுதான் இதையெல்லாம்விடச் சிறந்தது என்பது என் கருத்து.

பகலில் தெளிவு, இரவில் மட்டும் கொழகொழப்பு என்றால், அகச்சிவப்பு ஒளி லென்ஸில் சற்றுக் குறைவாக வளைவதால் ஃபோகஸ் பின்னால் தள்ளிப்போகிறது. லென்ஸைத் திருக முடிகிற மாடலில் இரவிலேயே ஃபோகஸ் வையுங்கள். ஒட்டி மூடிய மாடலைக் கிளறாதீர்கள். பகல் படம் இளஞ்சிவப்பாகவும் இருந்தால், பகலில் அகச்சிவப்பு ஒளியைத் தடுத்து, இரவில் விலகிக்கொள்ளும் வடிகட்டி சிக்கியிருக்கலாம். செயலியில் பகல், இரவு பயன்முறையை நாலைந்து தடவை மாற்றினால் ‘டிக்’ சத்தத்தோடு சில சமயம் விடுபடும். விடவில்லை என்றால் உத்தரவாதச் சீட்டைத் தேடுங்கள்.

கேமராவைத் திருப்பியிருந்தால் கடைசியாக ஒரு வேலை பாக்கி. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் தாழ்வாரத்தைப் பார்த்துக் கேமரா வைக்க 2023 முதல் முன்அனுமதி தேவையில்லை, ஆனால் அடுத்த வீட்டுக் கதவோ சன்னலோ அதில் விழக் கூடாது. புதிய கோணத்தில் பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை படத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் ஸ்குரூவை முழுதாக முடுக்குங்கள்.