ராமோன் உரலுக்குள் ஒரு நாள் நடை

இஸ்ரேலின் தெற்கே நெகேவ் பாலையில் உள்ள ராமோன் பள்ளத்தைப் படத்தில் பார்ப்பவர்கள், விண்கல் விழுந்த குழி என்றோ அவிந்த எரிமலையின் வாய் என்றோ எண்ணிக்கொள்வதுண்டு. இரண்டும் அல்ல. மேலே மூடியிருந்த கெட்டியான சுண்ணாம்புக்கல் அடுக்கு உடைந்தபின், அதன் கீழிருந்த மென்மையான மணற்கல்லை மழைநீர் அரித்து, ஓடை வழியாக வெளியே கொண்டுபோய்விட்டது. எபிரேயத்தில் இதனை ‘மக்தேஷ்’ என்பார்கள். உரல் என்று பொருள். ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நீளமும் 500 மீட்டர் ஆழமும் கொண்ட இதன் வடிவத்தை மனத்தில் இருத்திக்கொள்வது, நடையைத் திட்டமிடுவதில் பாதி வேலை. சுவர் செங்குத்தாக இருப்பதால் இறங்கவும் ஏறவும் சில வழிகளே உண்டு. உள்ளே பெய்யும் நீரெல்லாம் ஓடைப்படுகைகளை நோக்கியே ஓடும்.

நவம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்களே நடைக்கு ஏற்றவை. கோடையில் முழுநாள் நடையை அறவே தவிர்க்க வேண்டும். ஆனால் குளிர்காலமே மழைக்காலமும் ஆகும். வறண்டு இறுகிய மண் நீரை உறிஞ்சாததால், தொலைவில் பெய்த மழையும் தலைக்கு மேல் வானம் தெளிந்திருக்கும்போதே ஓடையில் வெள்ளமாக வந்துவிடும். ஆகவே முன்னறிவிப்பில் மழை என்றால், ஓடைப்படுகை வழியே செல்லும் திட்டத்தை அன்றே கைவிடுங்கள்.

தண்ணீரைக் குறைத்துச் சுமையை இலேசாக்கலாம் என்ற எண்ணம்தான் பலரையும் கவிழ்க்கிறது. குளிர்காலத்திலும் ஒருவருக்கு ஐந்து லிட்டராவது வேண்டும். பல நாள் நடப்பவர்கள், பாதை சாலையைத் தொடும் இடங்களுக்கு முன்கூட்டியே வண்டியில் சென்று தண்ணீரை வைத்துவிட்டு வருவதும் இதனால்தான். வரைபடத்தில் ஊற்று என்று குறித்திருப்பதை நம்பிக் குடுவையைக் காலியாக்காதீர்கள்.

வடக்கு விளிம்பில் உள்ள மிட்ஸ்பே ராமோன் ஊரிலிருந்து விடியும் முன் புறப்பட்டால், முழங்காலைச் சோதிக்கும் அந்த இறக்கத்தை வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம். கீழே முதலில் வருவது ‘தச்சுப்பட்டறை’ என்று பொருள்படும் ஹமின்சரா குன்று. பூமிக்கடியிலிருந்து எழுந்த கற்குழம்பின் வெப்பத்தால் மணற்கல் இறுகி, அறுத்து அடுக்கிய மரக்கட்டைகளைப் போலப் பட்டைபட்டையாகக் கிடக்கிறது. இங்கே அரைமணி நேரம் செலவிடலாம். ஆனால் ஒரு துண்டைக்கூட எடுத்துச் செல்லக் கூடாது, இது பாதுகாக்கப்பட்ட நிலம். அதன்பின் தென்கிழக்கே, நறுமணப் பொருள்களுடன் சென்ற பண்டைய அரபு இனத்தவரான நபத்தேய வணிகர்கள் தங்கிய சத்திரத்தின் இடிபாடுகள் உள்ள சஹரோனிம் ஊற்றுவரை நடக்கலாம்.

இஸ்ரேலை வடக்கிலிருந்து தெற்காகக் கடக்கும் தேசிய நெடும்பாதையை, வழியோரக் கற்களில் தீட்டிய வெள்ளை, நீலம், ஆரஞ்சு ஆகிய மூன்று கோடுகளும், மற்றப் பாதைகளை இரு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே ஒரு நிறக்கோடும் காட்டும். சிறிது தூரம் குறியே கண்ணில் படவில்லையெனில், முன்னே போய்த் தேடாமல் கடைசியாகப் பார்த்த குறிக்கே திரும்புங்கள். நெகேவில் பல பகுதிகள் படைப்பயிற்சிக்கு உரியவை என்பதால் குறுக்குவழி வெறும் சோம்பல் அன்று, ஆபத்து. கைப்பேசித் தொடர்பு எங்கும் கிடைக்கும் என்று எண்ணாமல் 1:50,000 அளவுள்ள காகித வரைபடத்தையும் வைத்திருங்கள்.

டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அனுமதிக்கப்பட்ட இரவு முகாம்களில் மட்டுமே தங்கலாம் என்பதால், அன்றைய முகாமை மூன்றரை மணிக்குள் அடையும்படி தூரத்தை வகுத்துக்கொள்ளுங்கள். இருட்டியதும் குளிர் சட்டென்று இறங்கும். கம்பளிச் சட்டை பையின் மேற்புறத்திலேயே இருக்கட்டும்.